அளக்காத எழுபத்தைந்து அடி

ஆபீசில் எனக்கு ‘முக்கால் அங்குலம்’ என்று பெயர். முகத்துக்கு நேராக எவனும் சொல்ல மாட்டான், முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொல்வார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டின் வரைபடத்தில் முக்கால் அங்குலம் இடிக்கிறது என்று ஒரு ஜூனியரை வெயிலில் மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். அதில் வந்த பட்டம். எனக்கு அதில் வருத்தமே கிடையாது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. மாநகராட்சி நில அளவைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டி, தலைமை வரைவாளர் நாற்காலிக்கு வந்தவள் நான். என் கையெழுத்து இருக்கிற வரைபடத்தை எந்தக் கோர்ட்டிலும் யாரும் கேள்வி கேட்டதில்லை.

அதனால் அன்று காலை தம்பி வீட்டுக்கு வந்து, “அக்கா, உன் பிளான்தான் எங்களுக்குத் துருப்புச் சீட்டு” என்று சொன்னபோது எனக்கு ஒரு சுற்றுப் பருத்த மாதிரி இருந்தது. எதைச் சொல்கிறான் என்று கேட்பதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன்.

தம்பி மாநகராட்சியிலேயே சாலைப் பிரிவு இன்ஜினியர். கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்துப் பாதையை அகலப்படுத்துகிற வேலை அவன் கையில் இருந்தது. அந்தச் சந்தில்தான் பழைய பள்ளிவாசல். அதன் பக்கச் சுவர் பின்கோடியில் ஆறு அடி சந்துக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. சுவரை இடிக்க நோட்டீஸ் போனது. பள்ளிவாசல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். “இது நானூறு வருஷத்துச் சுவர், கட்டின கொத்தனாருங்க பேரே கல்லுல வெட்டியிருக்கு” என்றார்கள் அவர்கள். “கல் பழசு, சுவர் புதுசு, எங்கேயோ கிடந்த கல்லை எடுத்துப் பதிச்சுட்டு, கொஞ்சம் கொஞ்சமாச் சந்தை வளைச்சுட்டாங்க” என்றது மாநகராட்சி. ஒரு பேராசிரியர் பத்திரிகையில் அதையே எழுதினார். அதற்கப்புறம் ஊரே இரண்டாகி, டீக்கடையில்கூட ‘கல் பழசு, சுவர் புதுசு’ என்று ஒருத்தன் ஆரம்பித்தால் இன்னொருத்தன் சட்டையைப் பிடித்தான்.

“சுவர் புதுசுன்னு எதை வச்சுடா சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“உன்னை வச்சுத்தான்!” என்று சுருட்டி வைத்திருந்த தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தான். “முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தி நீ அளந்த பிளான். அப்போ சுவர் ஸ்ட்ரெய்ட்டா இருக்கு பாரு. இப்போ ஆறடி வெளியே இருக்கு. அப்படின்னா நடுவுல யாரோ இடிச்சுத் தள்ளிக் கட்டியிருக்காங்கன்னுதானே அர்த்தம்? நாளை மறுநாள் கோர்ட்டுல வந்து ‘இது நான் அளந்தது, நான் வரைஞ்சது’ன்னு ஒரே ஒரு வரி சொல்லு. இடிக்கிற மிஷின் ரெடியா நிக்குது. அடுத்த நாள் காலைல வேலையை முடிச்சிடுவேன்.”

தாளின் ஓரத்தில் என் கையெழுத்து, இருபத்தாறு வயதுக் கையெழுத்து, வாலெல்லாம் நீட்டி அழகாக இருந்தது. தொழுகைக் கூடத்தின் நான்கு பக்கம்: அறுபது, அறுபது, நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து. மூலைக்கு மூலை மெல்லிய கோடு போட்டு அதன்மேல் எழுபத்தைந்து அடி, பூஜ்யம் அங்குலம். அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

“ஒண்ணுமில்ல. கண்ணாடி மாத்தணும்.”

அவன் போன பிறகும் அந்தத் தாள் மேஜையிலேயே கிடந்தது. நான் பாத்திரம் கழுவினேன், கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

உங்களுக்குச் சொன்னால்தான் புரியும். நான்கு குச்சிகளை எடுத்து முனைக்கு முனை நூலால் கட்டுங்கள். ஒரு பக்கம் லேசாகத் தள்ளினால் அந்தச் சட்டம் சாய்ந்துகொள்ளும், ஆனால் எந்தக் குச்சியின் நீளமும் மாறாது. அதனால் நான்கு பக்கத்தை மட்டும் அளந்தால் கட்டடம் நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று சொல்லவே முடியாது. அதற்காகத்தான் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடிப்பது. டயகனல் என்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துப் பாடம். அதை எடுக்காமல் வந்தவர்களை நான் கிழி கிழியென்று கிழித்திருக்கிறேன்.

அந்தப் பள்ளிவாசலில் நான் டயகனல் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலை அளக்கப் போன புத்திசாலிகள் உலகத்திலேயே நாங்கள்தான். நான், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள், வெளியே ஜீப்பில் பெரிய சர்வேயர். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். நான்கு பக்கமும் அளந்து முடிக்கும்போது பாங்கு சொல்லிவிட்டார்கள். மளமளவென்று ஆட்கள் வந்து வரிசை வரிசையாக நின்றார்கள். நான் வெளியே கை கால் கழுவுகிற தொட்டிப் பக்கம் ஒதுங்கினேன். தொழுகை முடிந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தால், கூட்டம் கலைந்தும் பலபேர் அங்கே ஒருத்தர் இங்கே ஒருத்தர் என்று தனித்தனியாகத் தொழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் முடித்தால் இன்னொருத்தர் வந்து நின்றார். தூணோரத்திலிருந்து மோதினார் ஓடி வந்தார். பாங்கு சொல்கிறவர் அவர்தான், அப்போது அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

“தொழுறவங்க முன்னாடி குறுக்கே போகக் கூடாதும்மா. டேப்பும் போடக் கூடாது. கொஞ்சம் பொறுங்க, இதோ முடிஞ்சிடும்” என்று ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்.

ஒரு மணி நேரம் பொறுத்தேன். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. பிறகு பெரிய சர்வேயரே வாசலில் வந்து நின்றார். “நாலு பக்கமும் வந்துடுச்சுல்ல? அப்புறம் என்ன, இங்கேயே குடியிருக்கப் போறியா? பொம்பளைய ஃபீல்டுக்கு அனுப்பினா இதான் வம்பு!”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கொன்றது. அந்தப் பிரிவில் வெளிவேலைக்கு வந்த முதல் பெண் நான். திரும்பி வந்து தனியாக அளக்கிறேன் என்று சொன்னால் அதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஜீப்பில் ஏறியதும் அளவுப் புத்தகத்தைப் பிரித்தேன். அறுபது, நாற்பத்தைந்து. கூடம் நேராக இருந்தால் குறுக்கு எழுபத்தைந்து வரும், பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லுவான். மையில் எழுதிவிட்டேன். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. அந்த வரைபடம் நகர வரைபடத்தில் ஏறியது, அதை ஒட்டிச் சந்தும் காகிதத்தில் நேராகிவிட்டது. பெரிய சர்வேயரும் போய்ச் சேர்ந்துவிட்டார், டேப் பிடித்தவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் அந்த ஐந்து விநாடியைச் சுத்தமாக மறந்திருந்தேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. அந்தத் தெரு வழியாகப் போக வேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போவேன்.

தம்பி வந்துவிட்டுப் போன அன்று மதியம் லீவு போட்டுவிட்டு அந்தச் சந்துக்குப் போனேன்.

சந்தின் வாயில் மஞ்சள் மிஷின் வாயைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது. அதற்கு இந்தப் பக்கம் நான்கு போலீஸ்காரர்கள், அந்தப் பக்கம் பள்ளிவாசல் வாசலில் பத்திருபது பேர். நான் நடந்து போனபோது அத்தனை கண்ணும் என்மேல்தான் இருந்தது. சுவரோரமாக நின்று ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் கோடு போட்டுப் பழகின கண், அரை நிமிடம் போதும். சுவர் எங்கேயும் உடைந்து திரும்பவில்லை. முன்மூலையிலிருந்து பின்மூலை வரைக்கும் ஒரே சாய்வாகப் போகிறது. தள்ளிக் கட்டின சுவராம்! மூன்றடிப் பருமன். இந்தக் காலத்தில் எவன் இந்தப் பருமனுக்குச் சுவர் வைக்கிறான்?

ஆனால் பார்வைக்குப் புதுசாகத்தான் இருந்தது. மேலிருந்து கீழ்வரைக்கும் சிமெண்ட் பூச்சு, வெள்ளை. கொத்தனார்களின் பெயர் வெட்டின அந்தக் கல் மட்டும் நடுவில் கறுப்பாகத் தெரிந்தது.

“நீங்க அந்த டேப்பு அம்மாதானே?”

திரும்பினேன். மோதினார். தாடி முழுக்க வெளுத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது.

“பாய், இந்தச் சுவருக்கு யாரு சிமெண்ட் பூசினது?” என்றேன். எனக்கு வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

“நாங்கதாம்மா, வேற யாரு! பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. மழையில ஒழுகுதுன்னு கமிட்டியில காசு பிரிச்சுப் பூசினோம். எங்க தலையில நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோம். பூச்சைச் சுரண்டிப் பாருங்க, உள்ளே சுண்ணாம்புக் கட்டு இருக்குன்னு எங்க வக்கீல் கேட்டாங்க. பிளான் இருக்கும்போது எதுக்குச் சுரண்டணும்னு அவங்க வக்கீல் மறிச்சுட்டாரு.”

நான் சுவரில் கையை வைத்துப் பூச்சைத் தடவிப் பார்த்தேன்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு நீங்க உள்ளே குறுக்கே டேப்பு இழுக்கவே இல்லையே. நான்தானே உங்களுக்கு முக்காலி போட்டேன். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு எழுந்து போயிட்டீங்க. அந்த எழுபத்தஞ்சு எங்கேயிருந்து வந்துச்சு?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், பிறவிக் கோளாறு. “என்ன பாய், மிரட்டுறீங்களா? முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தி நடந்தது உங்களுக்கு அப்படியே ஞாபகம் இருக்காக்கும்?”

“மிரட்டல. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு டேப்போட ஒரு பொண்ணு வந்தா, அது மறக்குமா?” அவர் சிரிக்கவில்லை. “எங்க வக்கீல்கிட்ட சொல்லிட்டேன். அவங்க, ‘மோதினார் சொன்னா யாரு நம்புவா, உங்க கட்சி ஆளுன்னு தள்ளிடுவாங்க, அந்தம்மாவே சொன்னாத்தான் உண்டு’ன்னுட்டாங்க. நாளன்னிக்கு உங்ககிட்ட கேப்பாங்க. முன்கூட்டியே சொல்லிடணும்னு தோணுச்சு. உள்ளே எங்க அப்பா பாங்கு சொன்னாரு, அவருக்கு முன்னாடி அவங்க அப்பா. இந்தச் சுவர் போச்சுன்னா பின்மூலை நிக்காது. அந்த மூலை போனா மேல்தளம் இறங்கிடும். மேல்தளம் போனப்புறம் பள்ளி எங்கே இருக்கு? எனக்கு ராத்திரி தூக்கமில்லம்மா.”

அவர் கண் கலங்கிவிட்டது. நான் விடுவிடுவென்று நடந்து வந்துவிட்டேன். தெருமுனை வரைக்கும் எனக்கு அவர்மேல் கோபம், அதற்கப்புறம் என்மேல்.

அடுத்த நாள் முழுக்க ஆபீசில் ஒருத்தரையும் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அளக்காததை அளந்ததாக எழுதினேன் என்று ஒரு அரசாங்க வரைவாளர் கூண்டில் ஏறிச் சொன்னால், அவளுக்கு அப்புறம் அந்த நாற்காலி கிடையாது. அது போனாலும் போகட்டும். இத்தனை வருடம் கண்ணில் விரலை விட்டு ஆட்டின ஜூனியர்கள் முன்னால் எப்படி நிற்பேன்? எனக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது, சொன்ன அளவு சரியாக இருக்கும் என்கிற பெயரைத் தவிர? இதை நினைத்து ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சொல்லாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. கேட்பதற்கு ஒரு கிழ மோதினாரைத் தவிர யாரும் உயிரோடு இல்லை.

கோர்ட் வளாகத்தில் அன்று நிற்க இடமில்லை. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவில் தடுப்புக் கம்பி. யாரோ என் பெயரைச் சொல்லி, “அந்தம்மா வந்துட்டாங்க” என்றதும் ஒரு பக்கம் கை தட்டினார்கள். கை தட்டினது சாலை வேண்டும் என்கிற பக்கம். என் வாழ்நாளில் யாரும் எனக்குக் கை தட்டினதில்லை.

தம்பி படியில் காத்திருந்தான். புதுச் சட்டை. அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

“டேய், நான் அந்த டயகனலை அளக்கலடா. கணக்குப் போட்டு எழுதினேன்.”

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் ரத்தமே இல்லை. “விளையாடுறியா?”

“உள்ளே ஆள் தொழுதுட்டு இருந்தாங்க. டேப் போட முடியல.”

“சரி. விடு.” அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். “விட்டுத் தொலை. யாருக்கும் தெரியாதுல்ல? உள்ளே போ, ‘ஆமா, என் பிளான்தான்’னு சொல்லு, இறங்கி வந்துடு. அக்கா, உன் பிளானை நம்பித்தான் இந்த ரோட்டுக்கே திட்டம் போட்டேன். நாலு வருஷ வேலை. மேலதிகாரிங்க கேக்கும்போதெல்லாம், எங்கக்கா அளந்தது, கண்ணை மூடிட்டு நம்பலாம்னு சொல்லி வச்சிருக்கேன். என்னை நடுத்தெருவுல விட்டுடாத.”

“சுவர் அங்கேயே இருந்திருக்குடா. நான் போய்ப் பாத்துட்டேன்.”

“நீ எதுக்கு அங்கே போன?” என்று பல்லைக் கடித்தான். அதற்குள் உள்ளிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மாநகராட்சி வக்கீல் நெட்டையான ஆள், என்னைப் பார்த்துக் கல்யாண வீட்டில் வரவேற்கிற மாதிரி சிரித்தார்.

“இந்த வரைபடம் நீங்க வரைஞ்சதா?”

“ஆமாங்க.”

“இதுல இருக்கிற அளவெல்லாம் நீங்களே நேர்ல எடுத்ததா?”

இரண்டாவது வரிசையில் தம்பி. பின்னால் கதவோரத்தில் மோதினார், தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டே இருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ‘ஆமாங்க’ என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“ஒண்ணைத் தவிர” என்றேன்.

வக்கீல் சிரித்த முகத்தோடே, “அவ்வளவுதான் ஐயா, இந்தச் சாட்சியை முடிச்சுக்கறேன்” என்றார்.

“இருங்க” என்றார் நீதிபதி. கைக்குட்டையை மேஜையில் வைத்தார். “எதைத் தவிர?”

“மூலைக்கு மூலை எழுபத்தஞ்சு அடின்னு இருக்கே, அதை நான் அளக்கலைங்க. உள்ளே தொழுகை நடந்துச்சு, குறுக்கே டேப் போட முடியல. கூடம் நேரா இருக்கும்னு நானே நினைச்சுக்கிட்டு, கணக்குப் போட்டு எழுதிட்டேன். அதனால இந்த பிளான்ல சுவர் நேரா இருக்கு. நிஜத்துல நேரா இருந்துச்சா சாய்ஞ்சு இருந்துச்சான்னு இந்த பிளான் சொல்லாதுங்க.”

கோர்ட்டில் ‘ஆ’வென்று ஒரு சத்தம் எழுந்தது. சேவகன் அதட்டினான். நெட்டை வக்கீலின் சிரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை.

“முந்தாநாள் மதியம் லீவு போட்டீங்களா?”

“போட்டேன்.”

“எங்கே போனீங்க?”

“பள்ளிவாசலுக்கு.”

“அங்கே மோதினாரோட தனியாப் பேசினீங்களா?”

“தெருவுல நின்னு பேசினேன். நாலு போலீஸ்காரங்க பாத்துட்டு இருந்தாங்க.”

“ஓஹோ! முப்பத்தொரு வருஷம் ஞாபகம் வராதது, அவரைப் பாத்துட்டு வந்ததும் ஞாபகம் வந்துடுச்சு. அப்படித்தானே? அன்னிக்கு எழுதினது பொய்னா, இன்னிக்குச் சொல்றது மட்டும் எப்படி நிஜமாகும்? இதுல உங்களுக்கு என்ன கிடைக்குது?”

எனக்கு வந்ததே கோபம்! கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “என்ன கிடைக்குதா? இங்கேயிருந்து இறங்கினா எனக்கு வேலை கிடையாது. முப்பத்தொரு வருஷப் பேரு கிடையாது. இதோ உக்காந்திருக்கானே என் கூடப் பிறந்தவன், இவன் இனி என் முகத்துல முழிப்பானான்னு தெரியாது. இதுல என்ன லாபம்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க!”

“சத்தம் வேண்டாம்மா” என்றார் நீதிபதி. “நீங்க சொல்றதை நான் நம்பணும்னா எனக்கு ஏதாவது வேணும். வெறும் வாய் வார்த்தை போதாது. அளக்கலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?”

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அளந்ததற்கு அத்தாட்சி காட்டலாம். அளக்காததற்கு என்னத்தைக் காட்டுவது? பள்ளிவாசல் தரப்பு வக்கீல், சின்னப் பெண், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மோதினார் எழுந்து நின்றுவிட்டார்.

“பிளானோட சேத்துத் தாக்கல் பண்ணின அந்த அளவுப் புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்க” என்றேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது, கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் போல இருந்தது.

தூசி நாற்றத்தோடு அது என் கைக்கு வந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். முன்சுவர். கிப்லா சுவர், அதாவது தொழும்போது எல்லோரும் முகம் பார்த்து நிற்கிற பின்சுவர். இரண்டு பக்கச் சுவர். கடைசி வரியில் குறுக்கு. மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தேன், மறுபடியும் படித்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒழுங்காகப் பொய் எழுதக்கூடத் தெரியாத கழுதையாக இருந்திருக்கிறேன்!

“ஐயா, இதைப் பாருங்க. அப்போ எங்ககிட்ட இருந்தது அம்பது அடி டேப்புதான். அதுக்கு மேல நீளம் இருந்தா அம்பதுல ஒரு ஆணி அடிச்சுட்டு, அங்கேயிருந்து மிச்சத்தை அளப்போம். ரெண்டையும் தனித்தனியாத்தான் எழுதணும். முன்சுவர் பாருங்க, அம்பது, கூட்டல், பத்து. கிப்லா சுவரும் அம்பது, கூட்டல், பத்து. நாப்பத்தஞ்சு மட்டும் ஒரே எண்ணா இருக்கு, அது ஒரே இழுப்புல வரும். குறுக்கு பாருங்க. எழுபத்தஞ்சுன்னு மொத்தமா எழுதியிருக்கு. அம்பது எங்கே? இருபத்தஞ்சு எங்கே? அம்பது அடி டேப்பை வச்சுக்கிட்டு எழுபத்தஞ்சு அடியை ஒரே இழுப்புல யாரு அளக்க முடியும்? அளந்திருந்தா அம்பதும் இருபத்தஞ்சும் இருந்திருக்கும். இது தலையில போட்ட கணக்கு.”

நீதிபதி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அதற்கு முந்தைய பக்கங்களைத் திருப்பினார், பிந்தைய பக்கங்களைத் திருப்பினார். எங்கே பார்த்தாலும் ஐம்பது கூட்டல் ஏதோ ஒன்று. வெகு நேரம் திருப்பினார். தும்மினார். பிறகு நெட்டை வக்கீலைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் குனிந்து பார்த்துவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

அந்த வரைபடத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று உத்தரவானது. சுவரின் பூச்சைச் சுரண்டிப் பார்க்க வேண்டும், கட்டடத்தை இரு தரப்பு முன்னிலையில் புதிதாக அளக்க வேண்டும், அதுவரைக்கும் மிஷின் சந்துக்குள் நுழையக் கூடாது. வழக்கு முடியவில்லை, ஆனால் சுவர் தப்பித்தது. கதவோரத்தில் மோதினார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதார்.

நான் இறங்கப் போகும்போது நீதிபதி கேட்டார். “ஒரு நிமிஷம்மா. இந்த மாதிரி வேற எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?”

“இல்லைங்க. இது ஒண்ணுதான். சத்தியமா இது ஒண்ணுதான்.”

அவர் என்னை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

வெளியே காலையில் கை தட்டின பக்கம் இப்போது வேறு வார்த்தைகளைச் சொன்னது. அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஒரு போலீஸ்காரர் என்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனார். மாலை நான்கு மணிக்கெல்லாம் ஆபீசிலிருந்து ஆள் வந்து என்னிடம் இருந்த சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, தற்காலிகப் பணிநீக்க உத்தரவில் கையெழுத்தும் வாங்கிப் போனான். வெயிலில் மூன்று தடவை நான் திருப்பி அனுப்பின அதே பையன்தான். “நான் வரைஞ்ச பிளானையெல்லாம் என்ன பண்ணப் போறாங்களாம்?” என்று கேட்டேன். “எல்லாத்தையும் திரும்ப அளக்கணுமாம் மேடம்” என்றான். அவன் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை, நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

தம்பி அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தான். உட்காரவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தான்.

“உன்மேல கோபமில்லக்கா” என்றான். “நீ சொன்னது சரிதான். நான் உன் இடத்துல இருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல.”

எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. “உக்காருடா, சாப்பிட்டுப் போ” என்றேன்.

“இல்ல, கிளம்பணும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.” டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். “அப்பா போனப்புறம் வீட்டை அண்ணனுக்கும் எனக்கும் பிரிச்சோம்ல. நீதான் அளந்து நடுவுல கோடு போட்டே. எனக்குப் பின்பக்கம் கொஞ்சம் குறைச்சலாத் தெரியுதேன்னு அப்பவே தோணுச்சு. அக்கா அளந்தா சரியாத்தான் இருக்கும்னு வாயைத் திறக்கல. அது அளந்ததாக்கா, இல்ல எழுதினதா?”

நான் அந்த வீட்டை ஒரு நாள் முழுக்க அளந்தேன். அண்ணி டேப் பிடித்தாள். மூலைக்கு மூலை இரண்டு தடவை பிடித்தோம், இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் கோடு போட்டேன். அதைச் சொன்னேன். “அளந்தேன்டா. உன்மேல ஆணையா அளந்தேன். அண்ணியைக் கேட்டுப் பாரு.”

“சரிக்கா” என்றான். டம்ளரை மேஜையில் வைத்தான். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போன் பண்ணினான். “என்னம்மா இது கூத்து? உன் தம்பி எவனோ ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து வீட்டை அளந்துட்டு இருக்கான். கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறான். உனக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். தெரியாது. “அளக்கட்டும் அண்ணா. ஒண்ணும் சொல்லாத.”

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். அளவு சரியாகத்தான் வரும், எனக்குத் தெரியும். வந்த பிறகும் அவன் என்னிடம் வந்து எதுவும் சொல்லப்போவதில்லை என்பதும் தெரியும்.